ஓரம் பிரிந்த பிளாஸ்திரி

நவம்பர் 2, சனி

ஒரே நோட்டு. முன்பக்கத்திலிருந்து என் தங்கை கோமதி சிவப்புப் பேனாவில் என் உடம்புச் சூட்டை எழுதுகிறாள்: காலை, மதியம், மாலை. அதையே தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். அறைக்குள் பொருள் குறைவாக இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் இரண்டாவது நோட்டு கிடையாது.

“பின்னாடி ஒன் பக்கம்க்கா. நா திருப்ப மாட்டேன்” என்றாள். திருப்பவும் இல்லை. தலையணைக்கடியில் நான் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. அதிலும் எனக்கு எரிச்சல்தான். அக்காள் என்ன எழுதுகிறாள் என்று தெரிந்துகொள்ள ஒருத்திக்கு ஆசைகூடவா வராது?

எனக்கு ரத்தப் புற்றுநோய். இரண்டாவது சுற்று மருந்து ஏறி, பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. ரத்தத்தில் வெள்ளை அணு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. வலது மேற்கையில் மெல்லிய குழாய் ஒன்று செருகியிருக்கிறது. அதன் உள்முனை நெஞ்சுவரை போகிறதாம். மருந்தும் ரத்தமும் அது வழியாகத்தான். புதனும் சனியும் உப்புநீர் விட்டு அதைக் கழுவ வேண்டும். சனிக்கிழமை மேலே ஒட்டிய பிளாஸ்திரியை மாற்ற வேண்டும். ஓரம் பிரிந்தாலோ நனைந்தாலோ உடனே மாற்ற வேண்டும். காய்ச்சல் நூறு புள்ளி நாலைத் தொட்டால் மாத்திரை எதுவும் போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இதையெல்லாம் நர்ஸம்மா என் வீட்டுக்காரருக்கும் கோமதிக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். இவர் ஊசியைப் பார்த்ததுமே நாற்காலியைத் தேடினார். கோமதி முதல் தடவையே கச்சிதமாகச் செய்துவிட்டாள். “நல்ல கை இவளுக்கு” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினோரு வருடமாகத் தபால் ஆபீஸ் கவுன்டரில் இருக்கிற என் கையைப் பற்றி இவர் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நவம்பர் 4, திங்கள்

கோமதி தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். இந்த வீட்டில் சொதி என்றால் அது நான் வைத்தது. கல்யாணமான மறுமாதமே அத்தை, என் மாமியார், கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. இவர் மூன்றாம் முறை சோறு போடச் சொல்வது கேட்டது. என் மகள் தாரணி தட்டை வழித்து நக்குவது இங்கேவரை கேட்டது. ஒன்பது வயதாகப் போகிறது, ஒரு மரியாதை கிடையாது.

எனக்கும் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்தாள். வாசலிலேயே தலைப்பூவை எடுத்து வைத்துவிட்டு, கையைக் கழுவி, முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

“எப்டிக்கா இருக்கு?”

“இஞ்சி கூடிப்போச்சு.”

“அடுத்த வாட்டி கொறைக்கேன்” என்றாள். கோபம் வரவில்லை அவளுக்கு. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். இஞ்சி சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

எனக்கு அவள்மேல் பொறாமை ஒன்றும் இல்லை. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 6, புதன்

காலையில் உப்புநீர் விட்டாள். விரலுக்கிடையில், நகத்தடியில், மணிக்கட்டில் என்று எண்ணி எண்ணிக் கை கழுவுகிறாள். கையுறை போட்டு, குழாயின் மூடியைப் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயும்வரை காத்திருந்து பிறகுதான் ஊசியைச் செருகுகிறாள். அந்த நேரத்தில் பேசமாட்டாள். குழாய் எங்கேயும் மாட்டி இழுக்காமல் இருக்க, தாரணியின் பழைய பள்ளிக்கூட சாக்ஸை நுனி வெட்டி என் கைக்கு உறை செய்திருக்கிறாள். மூடி மட்டும் கீழே எட்டிப்பார்க்கும்.

குனிந்தபோதுதான் கவனித்தேன். கட்டியிருந்தது என்னுடைய மயில்கழுத்து நிறச் சேலை.

“அத்ததான் எடுத்துக் குடுத்தாங்க. சும்மா மடிஞ்சு கெடக்கேன்னு. ஒனக்கு வேண்டாம்னா மாத்திருதேன்க்கா.”

“கட்டிக்கோ. நா எங்க கட்டப்போறேன்?”

நான் அதைச் சொன்னதும் அவள் முகமூடிக்கு மேலே கண் கலங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சேலை அவளுக்கு எடுப்பாக இருக்கிறது. அவளுக்கு இடுப்பு இருக்கிறது, முடி இருக்கிறது. என் தலையில் தடவினால் எதுவும் கையில் தட்டுப்படாது.

நவம்பர் 7, வியாழன்

அத்தை போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சங்கரன்கோவில் பெரியம்மாவாக இருக்கும். காது மந்தமானவர் என்பதால் அத்தை உரக்கப் பேசினார்.

“ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் சாமியக் கும்புடுதேன். அப்டியே ஒண்ணு ஆனாலும் வெளிய போயிப் பொண்ணு தேட வேண்டாம்லா. வீட்டுலயே இருக்கு. பிள்ளையும் சித்தி சித்தின்னு ஒட்டிக்கிட்டா.”

இரண்டு முறை படித்துப் பார்த்தேன், நான் எழுதியது சரிதானா என்று. வார்த்தை மாறாமல் அப்படியேதான் சொன்னார்.

இது எங்கள் சொந்தத்தில் புதிதில்லை. அக்காள் போனால் தங்கச்சி. ஊரே தலையாட்டும், பிள்ளைக்கு நல்லது என்று. கோமதிக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது, எந்த வரனும் அமையவில்லை. தூத்துக்குடி ஜவுளிக்கடை வேலையை ஒரு போனில் விட்டுவிட்டு வந்தாளே, அது எனக்காகத்தானா? என் இடத்தில் உட்கார வந்திருக்கிறாளா? நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, அதற்குள் இடம் பிடித்தாயிற்று. நல்லா இருக்கட்டும். எல்லாரும் நல்லா இருக்கட்டும்.

நவம்பர் 9, சனி

பிளாஸ்திரி மாற்றினாள். குழாய் போகிற இடம் சுத்தமாக இருப்பதாகச் சொன்னாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மின்வாரிய ஆபீஸ் கதை சொன்னார். சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. யார் தேய்த்தது என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கோமதி தாரணி தலையில் எண்ணெய் வைத்துவிட்டு, வந்து தேய்த்து விடுகிறேன் என்று சொல்லி மார்க்கெட்டுக்குப் போனாள். அத்தை கோவிலுக்கு. இவருக்கு டியூட்டி. தாரணி எண்ணெய் வழிய என் வாசலில் வந்து நின்றாள்.

“வா, நா தேச்சு விடுதேன்.”

“நீ வெளிய வரக்கூடாதும்மா. சித்தி இப்ப வந்துருவா.”

“ஏட்டி, நா ஒன் அம்மாவா, அவ ஒன் அம்மாவா?”

பயந்துபோய் வந்தாள். கையில் பாலித்தீன் கவரைச் சுற்றிக்கொண்டேன். குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீயக்காயைக் கரைத்து, இடுப்புவரை கிடக்கிற அந்த முடியை இழை இழையாகத் தேய்த்தேன். மூன்று மாதமாயிற்று என் பிள்ளை தலையை நான் தொட்டு. நடுவில், “சித்தி கண்ணுல படாம தேப்பா” என்றாள். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன். கவர் எப்போது நழுவியது என்று தெரியாது. பார்த்தபோது சாக்ஸ் பிழியும் ஈரம்.

“சித்திட்டச் சொல்லாத.”

“சரிம்மா.”

“யாருட்டயும்.”

சாக்ஸைப் பிழிந்து காயவைத்துவிட்டேன். பிளாஸ்திரியின் கீழ் ஓரம் பிரிந்து தொங்கியது. கோமதியைக் கூப்பிட்டால் ஏன் நனைந்தது என்பாள். முகம் வாடிப்போவாள். இவரிடம் சொல்வாள். இவர் என்னைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். எதற்கு?

மேசை இழுப்பறையில் என் பார்சல் டேப் இருக்கிறது. காற்றுப் புகாமல் ஒட்டுவது என் தொழில். நான் ஒட்டி அனுப்பிய ஊறுகாய்ப் பார்சல் டெல்லிவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகாமல் போயிருக்கிறது. ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு நாலு ஓரத்தையும் இழுத்து ஒட்டினேன். கச்சிதம். எனக்கும் நல்ல கைதான்.

நவம்பர் 11, திங்கள்

தினமும் காலையில் சாக்ஸை இறக்கி அந்த இடத்தைப் பார்ப்பாள். “நானே பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு” என்றேன். நம்பிவிட்டாள்.

தாரணி தலை பளபளவென்று இருக்கிறது. கோமதி கேட்டதற்கு, தானே குளித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். “பெரிய மனுஷி ஆயிட்டாக்கா” என்று கோமதி வந்து சிரித்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

உடம்பு கணகண என்று இருக்கிறது. தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு. இது கணக்கில் சேராது.

நவம்பர் 13, புதன்

பத்து மணிக்கு, சாக்ஸை இறக்காமல் மூடி வழியே உப்புநீர் விட்டாள். பத்தரை தாண்டியதும் குளிர் பிடித்தது. பல் கிட்டிக்கொண்டது. இரண்டு போர்வைக்குள்ளும் கட்டில் ஆடியது. கோமதி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் நின்றுவிட்டது. நானே சூடு பார்த்தேன்: நூறு புள்ளி எட்டு.

நாளை மறுநாள் தாரணிக்குப் பிறந்தநாள். இப்போது சொன்னால் கையோடு ஆஸ்பத்திரி, குறைந்தது பத்து நாள். கேக் வெட்டும்போது பக்கத்தில் நிற்கப்போவது யார்? போட்டோவில் மயில்கழுத்துச் சேலை கட்டி நிற்கப்போவது யார்?

காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டேன். அவள் மதியம் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. சிவப்பில் அழகாக எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 14, வியாழன்

காலை நூற்றொன்று புள்ளி இரண்டு. மாத்திரை. மதியம் அவள் கணக்கில் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. மறுபடி மாத்திரை.

“ஏன்க்கா இப்டி வேக்குது ஒனக்கு?” என்று நெற்றியைத் துடைத்தாள். புழுக்கம் என்றேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா என்றாள். நான் கத்திவிட்டேன். “நா எப்பச் சாவேன்னுதான பாத்துக்கிட்டிருக்க?”

அவள் துண்டை மடித்துக்கொண்டு போய்விட்டாள். நாளை ஒரு நாள் தாண்டினால் போதும். அப்புறம் நானே சொல்லிவிடுவேன்.

நவம்பர் 15, வெள்ளி

பட்டுப்பாவாடையில் வாசலில் வந்து நின்றாள் என் பிள்ளை. பதினோரு மணிக்குக் கேக். மாத்திரை போட்டாயிற்று. எழுத்து கோணுகிறது. அதுவரை உட்கார்ந்திருந்தால் போதும்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று ஐ.சி.யூ.விலிருந்து தனி அறைக்கு மாற்றினார்கள். கேக் வெட்டுவதற்குள் நான் விழுந்துவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. ரத்தமெல்லாம் கிருமி. வலது கையில் இப்போது குழாய் இல்லை, பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறது.

காலையில் நர்ஸம்மா இந்த நோட்டை ஸ்பிரிட்டால் துடைத்துப் பாலித்தீன் கவரில் போட்டுக் கொடுத்தார். “ஒங்க தங்கச்சி குடுக்கச் சொன்னாங்க. அன்னைக்கு இந்த நோட்டு மட்டும் இல்லன்னா கஷ்டம்மா” என்றார்.

காய்ச்சல் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். முன்பக்கம் முழுக்கச் சரியான சூடு. அப்படி இருக்க முடியாது என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். கோமதி மழையில் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் தலையணைக்கடியிலிருந்து நோட்டை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, டாக்டருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். உப்புநீர் விட்ட அரைமணியில் குளிர் என்ற இடம் வந்ததும் அவர் மேற்கொண்டு கேட்கவில்லையாம். குழாயில்தான் கிருமி குடியிருக்கிறது என்று அப்போதே உருவி எடுத்துவிட்டு மருந்தை மாற்றியிருக்கிறார். டேப்பைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் ஒட்டியிருக்காங்க. ஈரத்தையும் உள்ள வச்சு ஒட்டியிருக்காங்க” என்றாராம்.

ஆக, எல்லாவற்றையும் படித்துவிட்டாள். தேதி கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலிலிருந்துதானே படிக்க வேண்டும். சொதி, சேலை, இடுப்பு, எல்லாம்.

பின்பக்கத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. முன்பக்கத்தைத் திறந்தேன். பதின்மூன்றாம் தேதிக்கு எதிரே தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறை ஒரு கோடு போட்டு அடித்து, 100.8 என்று எழுதியிருக்கிறாள். பதினான்கும் அப்படியே.

மாலையில் இவர் வந்தார், முகமூடியோடு. கோமதி எங்கே என்றேன்.

“தூத்துக்குடிக்குப் போயிட்டா. அம்மா கொஞ்சம் பேசிட்டாங்க. கொழா வழியாத்தான் கிருமி போயிருக்குன்னு டாக்டர் சொன்னாருல்லா. கொழாயத் தொட்டது அவ ஒருத்திதான. கை சுத்தமில்லாதவன்னு அம்மா வாய்க்கு வந்தத ஏசிட்டாங்க.”

“அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. பையத் தூக்கிட்டுப் போயிட்டா. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்.”

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது இதுதானே, நடந்துவிட்டது. களைப்பாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். இவர் போர்வையை இழுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 25, திங்கள்

தாரணியைப் போனில் பேச வைத்தார். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுக் குரலை இறக்கினாள்.

“அம்மா, நா தல குளிச்சத யாருட்டயும் சொல்லல. ஆச்சி சித்திய ஏசும்போதுகூடச் சொல்லல.”

“சித்தி அழுதாளா?”

“இல்ல. நாந்தான் அழுதேன். சித்தி என் சடையப் பின்னிவிட்டுட்டுப் போயிட்டா.” மூக்கை உறிஞ்சினாள். “நா தல குளிச்சதுனாலயாம்மா ஒனக்கு இப்டி ஆச்சு?”

ஒன்பது வயதுப் பிள்ளை பத்து நாளாக இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. “இல்லட்டி. ஒன்னால இல்ல. அம்மா பண்ணுன தப்பு. சாயங்காலம் அப்பாட்ட நானே சொல்லுதேன்” என்றேன். நம்பினாளா தெரியவில்லை.

பிறகு பின்பக்கத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாகச் சுத்தமாக இருந்தது. எங்கேயும் அவள் கை படவில்லை, ஒரே ஓர் இடத்தைத் தவிர. ஏழாம் தேதி. என் இடத்தில் உட்கார வந்திருக்கிறாளா என்று நான் எழுதியதற்கு நேர் கீழே, சிவப்புப் பேனாவில்:

“அத்தான் குறட்டை விடுகிற சத்தம் ஹாலில் படுத்திருக்கிற எனக்கே கேட்கிறது. எனக்கு வேண்டாம்க்கா. நீயே வைத்துக்கொள்.”

சிரித்தேன். சிரித்து முடித்து அழுதேன். நர்ஸம்மா ஓடிவந்து சூடு பார்த்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, மாத்திரை போடாமல்.

மாலை இவர் வந்ததும் நோட்டைக் கையில் கொடுத்தேன். “பின்னாடி இருந்து படிங்க. முழுசாப் படிங்க” என்றேன். கொடுத்த பிறகு பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. ஜன்னலோரம் நின்று படித்தார். ஏழாம் தேதிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். முகமூடியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தார்.

“நா கொறட்ட விடுதேனா?” என்றார்.

“விடுதிய.”

“இத்தன வருஷத்துல நீ ஒரு நாளும் சொல்லலியே.”

“எனக்குப் பழகிட்டு.”

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். “அம்மாட்ட நாம் பேசிக்கிடுதேன். ஆனா கோமதிட்ட நீதான் பேசணும்” என்று போனை என்னிடம் நீட்டினார்.

கோமதி எடுத்தாள். ஜவுளிக்கடை இரைச்சல் கேட்டது. பழைய வேலைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

“ஏன்ட்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? நோட்டக் காட்டியிருக்கலாம்லா?”

“காட்டுனா எல்லாரும் படிப்பாங்கள்லா. ஒனக்கு அசிங்கமா இருக்கும். அத்தைக்கும் அசிங்கமா இருக்கும்” என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “எனக்கு ஒரே கோவம் என்னன்னா, அந்த டேப்ப நா பாக்காம விட்டுட்டேன். தெனமும் பாக்குதவ. நீ சொன்னேன்னு நம்பிட்டேன். அத நெனச்சாத்தான் ஒறக்கம் வரல.”

“நா சொன்னதெல்லாம்...”

“இஞ்சி கூடிப்போச்சுன்னியே, அதத்தான் என்னால தாங்க முடியல” என்றாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

இடது கையில் புதுக் குழாய். இன்று வீட்டுக்கு வந்தேன். அத்தை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்து, எனக்குப் பின்னால் பையோடு இறங்கிய கோமதியிடம், “வாட்டி, ஒனக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்” என்றார். அத்தைக்கு மன்னிப்புக் கேட்க வேறு விதம் தெரியாது. கோமதி கை கழுவப் போனாள்.

டிசம்பர் 4, புதன்

உப்புநீர். குளிர் இல்லை. அவளும் நானும் அரைமணி நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தாரணி சித்தியின் தோளில் தொங்குகிறாள். எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. நோட்டின் பின்பக்கம் இனிமேல் பொதுச்சொத்து என்பதால் இதை அவள் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

காலையில் சாக்ஸை இறக்கிப் பார்த்தேன். பிளாஸ்திரியின் கீழ் ஓரம் அரை நகம் அளவு பிரிந்திருக்கிறது. நனையவில்லை, வெறும் வியர்வை. சனிக்கிழமைவரை தாங்கும் என்றுதான் தோன்றியது. இழுப்பறையில் டேப் அப்படியே இருக்கிறது.

வாசலுக்கு வெளியே கோமதி தாரணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த மயில்கழுத்துச் சேலைதான். இரண்டு பேரும் எதற்கோ குலுங்கிச் சிரித்தார்கள். என்னவென்று எனக்குத் தெரியாது.

“கோமதி, இங்க வாட்டி. ஓரம் பிரிஞ்சிருக்கு” என்றேன்.

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.